கை ஓங்காத வீரன்: அடிக்காமல் வெல்லும் பில்ட் உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

போன ஓகஸ்ட் லீவுக்குத் தங்கச்சியின் மகன் வவுனியாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பகலில் சைக்கிளும் குளத்தில் குளிப்பும், இரவானால் என் பழைய லப்டொப்பில் ‘டயாப்ளோ 2’. மூன்றாம் நாள் ஒரு புது யோசனையோடு வந்து நின்றான்.

“மாமா, அடிக்கவே தேவையில்லாத பில்ட் ஒன்று இருக்காம். சும்மா நின்றால் போதுமாம். வாறதெல்லாம் தானாச் சாகுமாம்.”

யாரோ பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் சொன்னது. பலடின் என்ற கரக்டரை எடுத்து, கையில் சேர்ந்திருந்த புள்ளிகளையெல்லாம் தோர்ன்ஸ் என்ற திறமையில் கொட்டி, காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். கிட்ட வந்து வெட்டிய இரண்டு மூன்று பூதங்கள் செத்தது உண்மைதான். “பாத்தீங்களா!” என்று என் பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்து மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து வில்காரிகள் அம்பு விடத் தொடங்கினார்கள். உயிரைக் காட்டும் சிவப்பு உருண்டை குறைந்து குறைந்து அடியில் போய் ஒட்டியது. கரக்டர் விழுந்தது.

“பொய் மாமா இது.”

பொய் இல்லை. ஆனால் அவனுடைய சிநேகிதன் சொன்னது அரைவாசிதான். இந்த வகை பில்டைப் பற்றிக் கதைக்கிற பலரும் அந்த அரைவாசியைத்தான் சொல்கிறார்கள். மற்ற அரைவாசியை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கேம் விளையாடாதவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சொற்களைப் பிரிப்போம்

அக்ஷன் ரோல்-பிளேயிங் கேம் என்பது ஒரு கரக்டரை எடுத்து, பூதங்களை எதிர்த்து, அதில் கிடைக்கும் அனுபவத்தாலும் சாமான்களாலும் அந்தக் கரக்டரை வளர்த்துக்கொண்டு போகும் விளையாட்டு. ‘டயாப்ளோ 2’ வந்தது 2000ஆம் ஆண்டு. 2021இல் புதுப் படத்தோடு மறுபடி வந்தது. 2013இல் நியூசிலாந்திலிருந்து வந்த ‘பாத் ஒஃப் எக்ஸைல்’, 2016இல் வந்த ‘கிரிம் டோன்’ எல்லாம் அதே குடும்பம்.

இதில் லெவல் ஏற ஏறப் புள்ளிகள் கிடைக்கும். எந்தத் திறமையில் புள்ளியைப் போடுவது, எந்தச் சட்டை, எந்தக் கேடயம் என்று ஒரு நோக்கத்தோடு தேர்ந்து சேர்க்கும் திட்டத்துக்குத்தான் பில்ட் என்று பெயர். வீடு கட்டுகிறவர் காசு இருக்கிறது என்பதற்காக எல்லாப் பக்கமும் வாசல் வைக்கமாட்டார். அதுபோலத்தான் இதுவும்.

குழப்பம் தொடங்கும் இடம் பாசிவ் என்ற சொல். இதற்கு இரண்டு பொருள் ஓடுகிறது. கேமுக்குள் பாசிவ் திறமை என்றால், பொத்தானை அழுத்தாமலே எந்நேரமும் வேலை செய்வது. கிணற்றடியில் துலாவும் இருக்கிறது, கிணற்றுக் கட்டும் இருக்கிறது. துலாவை நீங்கள் மிதித்தால்தான் தண்ணீர் வரும். கட்டு தன் பாட்டில் நின்று பிள்ளைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும். பாசிவ் திறமை அந்தக் கட்டு. வாளைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கிற முரட்டுக் கரக்டரிடமும் இப்படிப் பல பாசிவ் திறமைகள் இருக்கும்.

ஆட்கள் வாயில் ஓடுகிற இரண்டாவது பொருள்: கரக்டர் தன் கையால் யாரையும் தாக்காமல் விளையாடுவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. இனிமேல் நான் அதை ‘அடிக்காத பில்ட்’ என்றே சொல்கிறேன். அடிக்காத பில்ட் என்றால் எதிரி சாகாது என்று பொருள் இல்லை. எதிரி சாகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் லெவல் ஏறாது. சாகடிக்கிற வேலையை உங்கள் கை செய்யாது, அவ்வளவுதான். அப்படியானால் வேறு எது செய்கிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் பில்டை வரைய வெளிக்கிட்டால் மருமகனின் கதிதான்.

முள்ளம்பன்றி எய்வதில்லை

எங்கள் பக்கத்தில் இன்னமும் பலர் நம்புகிற கதை ஒன்று உண்டு: முள்ளம்பன்றி கோபம் வந்தால் முள்ளை அம்பு மாதிரி எய்யுமாம். எய்யாது. ஒரு இரவு மரவள்ளிப் பாத்தியில் கிழங்கு கிண்ட வந்த ஒன்றை எங்கள் நாய் துரத்தியது. முள்ளம்பன்றி ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. முதுகைக் காட்டி முள்ளைச் சிலிர்த்து, கிலுகிலுவென்று சத்தம் எழுப்பி, பின்பக்கமாக இரண்டு அடி வைத்தது. மூக்கைக் கொண்டுபோய்க் குத்திக்கொண்டது நாய்தான். விடியும்வரை நான் நாயின் தலையைத் தொடைக்குள் இடுக்கிப் பிடிக்க, தம்பி குறட்டால் ஒவ்வொரு முள்ளாக இழுத்தான். முள் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது என்பது நாய் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தது என்பதைப் பொறுத்திருந்தது.

தோர்ன்ஸ் என்ற திறமை இதேதான். பெயரின் பொருளும் முள் என்பதே. எதிரி கிட்ட வந்து உங்களை அடிக்கும்போது அந்த அடியின் வலி அடித்தவருக்கே திரும்புகிறது. இதைத் தமிழில் மீளடி என்று சொல்லிக்கொள்வோம். ‘கிரிம் டோன்’ இதற்கு ரிட்டாலியேஷன் என்று பெயர் வைத்திருக்கிறது. எந்தப் பெயரானாலும் மீளடியைத் தொடக்கி வைப்பது எதிரி. அதன் வேகத்தையும், சில கேம்களில் அதன் பலத்தையும்கூட எதிரியே முடிவு செய்கிறது. உங்கள் ஆயுதத்தின் பிடி எதிரியின் கையில் இருக்கிறது. இதை மறந்தவர்கள்தான் ‘சும்மா நின்றால் போதும்’ என்கிறார்கள்.

இரண்டு வகை மீளடி, இரண்டு வகைக் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் விஷயம் பிடிபடும். பயப்படாதீர்கள், கடைக் கணக்குத்தான்.

முதல் வகை, வீத மீளடி. எதிரி அடித்ததில் இத்தனை வீதம் திரும்பும். ‘டயாப்ளோ 2’ தோர்ன்ஸ் இந்த வகை. கணக்கு இலகுவாக 300 வீதம் என்று வைப்போம். எதிரியின் உயிர் 1000, அது ஒரு அடிக்கு உங்களிடமிருந்து 20 எடுக்கிறது. திரும்பிப் போவது 60. பதினேழாவது அடியில் அது விழும். அதுவரை நீங்கள் வாங்கியது 17 × 20, அதாவது 340.

இப்போது கேம் கடினமாகிறது. எதிரியின் உயிர் 5000, அடி 60 ஆகிறது. திரும்புவது 180. சாக 28 அடி வேண்டும். நீங்கள் வாங்குவது 1680. எதிரியின் அடி மூன்று மடங்குதான் கூடியது, ஆனால் நீங்கள் விழுங்கவேண்டிய வலி ஐந்து மடங்கு. உற்றுப் பார்த்தால் இங்கே ஒரு சட்டம் தெரியும்: 300 வீத மீளடியில், எதிரியின் மொத்த உயிரில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் உங்கள் உடம்பில் வாங்கித்தான் ஆகவேண்டும். அது வேகமாக அடித்தாலும் சரி, மெல்ல அடித்தாலும் சரி, பங்கு மாறாது. எத்தனை பேரைக் கொல்கிறீர்களோ அத்தனை பேரின் உயிரிலும் மூன்றில் ஒன்று.

இங்கேதான் இந்தக் கேம்களின் அடிப்படை அமைப்பு குறுக்கே வருகிறது. பெரும்பாலான கேம்களில் பூதங்களுக்கு உயிர் அதிகம், அடி குறைவு. நமக்கு உயிர் குறைவு, அடி அதிகம். அப்படி இருந்தால்தான் விளையாட்டு ஓடும். அதனால் வீத மீளடி நம் கையில் மொண்ணை, பூதத்தின் கையில் கூர்.

இதை ‘டயாப்ளோ 2’ ஆட்கள் படாதபாடு பட்டு அறிந்தார்கள். அதில் அயன் மெய்டன் என்று ஒரு சாபம் உண்டு. சாபம் பட்டவர் யாரை வெட்டினாலும் வலி மடங்காகத் தனக்கே திரும்பும். கேமின் பின்பகுதியில், கேயொஸ் சாங்க்சுவரி என்ற இடத்தில் ஒப்லிவியன் நைட் என்ற பூதங்கள் இந்தச் சாபத்தை நம் மேல் போடும். மாதக்கணக்காகச் சேர்த்த பலமான வாளோடு நிற்கும் வீரன் சாபம் விழுந்ததைக் கவனிக்காமல் ஒரே ஒரு வெட்டு வெட்டுவான். செத்து விழுவது அவன்தான். எவ்வளவு நல்ல வாளோ அவ்வளவு விரைவான சாவு. கடைசியில் 2010இல் வந்த 1.13 திருத்தத்தில் அந்தப் பூதங்களிடமிருந்து இந்தச் சாபத்தை எடுத்துவிட்டார்கள். வீத மீளடி யார் மேல் நன்றாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இரண்டாவது வகை, நிலை மீளடி. அடி பெரிதோ சிறிதோ, ஒவ்வொரு அடிக்கும் ஒரே தொகை திரும்பும். அலம்பல் வேலி போல. கன்று முட்டினாலும் எருமை முட்டினாலும் முள் ஒரே நீளம். ‘டயாப்ளோ 3’ இன் தோர்ன்ஸ், ‘கிரிம் டோன்’ மீளடி இரண்டும் இந்த வகை. இங்கே கணக்குத் தலைகீழ். ஒரு அடிக்கு 250 திரும்புகிறது என்று வையுங்கள். இருபது சின்னப் பூதங்கள் சுற்றி நின்று கொத்தினால் உங்களுக்குக் கொண்டாட்டம், ஒவ்வொன்றும் சில நொடியில் தானே சாகும். ஆனால் 50,000 உயிரோடு ஒரு பெரிய தலைவன், இரண்டு நொடிக்கு ஒரு தரம் ஆறுதலாக அடிக்கிறான் என்றால் 200 அடி வேண்டும். 400 நொடி. கிட்டத்தட்ட ஏழு நிமிடம் அவன் முன்னால் நின்று அடி வாங்கவேண்டும். ‘கிரிம் டோன்’ செய்தவர்களே பின்னாளில் மீளடியில் ஒரு பங்கை நம் சொந்த அடியோடு சேர்க்கும் வழியைக் கொண்டுவந்ததை நினைத்தால், வெறும் முள்ளை மட்டும் நம்பி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று விளங்கும்.

சுருக்கமாகச் சொன்னால்: வீத மீளடிக்கு பலமாக அடிக்கிற, உயிர் குறைந்த எதிரி வேண்டும். நிலை மீளடிக்கு அடிக்கடி அடிக்கிற, கூட்டமான எதிரி வேண்டும். உங்கள் கேமில் எது என்று தெரியாமல் புள்ளியைப் போடாதீர்கள்.

ஒதுங்கினால் வேலி வேலை செய்யாது

மருமகன் இரண்டாம் முறை ஒரு ‘திருத்தம்’ செய்தான். அடி வாங்கித்தானே செத்தோம், அடி படாத மாதிரிப் பாதுகாப்பைக் கூட்டுவோம் என்றான். நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். ஆனால் ‘டயாப்ளோ 2’ இல் டிஃபென்ஸ் என்ற எண் கூடினால் எதிரியின் அடி உங்களைத் தவறிப் போகும் வாய்ப்புக் கூடும். தவறிய அடிக்கு மீளடி இல்லை. மாடு வேலியில் முட்டாமல் விலகிப் போனால் முள்ளுக்கு என்ன வேலை?

ஆக, பாதுகாப்பிலும் இரண்டு வகை. ஒன்று தவிர்ப்பு: அடி படவே விடாமல் செய்வது. மற்றது தணிப்பு: அடி படும், வலி குறையும். அடிக்காத பில்டுக்கு, அதுவும் முள்ளை நம்புகிற பில்டுக்கு, வேண்டியது தணிப்பு. கேடயத்தால் தடுத்த அடிக்கு மீளடி உண்டா இல்லையா என்பது கேமுக்குக் கேம் வித்தியாசம். திறமையின் விளக்கத்தில் ஒரு வரியில் எழுதியிருப்பார்கள், அந்த வரியை வாசிக்காமல் விடாதீர்கள்.

அப்புறம் அந்த வில்காரிகள். தோர்ன்ஸும் அயன் மெய்டனும் கிட்ட நின்று அடிக்கிறவர்களுக்கு மட்டும்தான். தூர நின்று எய்கிறவர்களுக்கும் மந்திரம் போடுகிறவர்களுக்கும் உங்கள் முள் எட்டாது. காட்டோரக் கிராமங்களில் யானை வேலிக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பியில் நொடிக்கு ஒரு தரம் போல மின்துடிப்பு ஓடுகிறது, தொட்ட யானைக்கு அடி விழுகிறது. சில யானைகள் தொடுவதே இல்லை. மரத்தைத் தள்ளிக் கம்பி மேல் விழுத்திவிட்டு ஆறுதலாக உள்ளே வரும். தந்தம் உள்ளது தந்தத்தால் கம்பியைத் தூக்கும், தந்தத்தில் மின் பாயாது. வேலி எவ்வளவு பலம் என்பதில் அல்ல, தொடாமல் வருகிறவனை என்ன செய்வது என்பதில்தான் வயல்காரரின் தலையிடி. மீளடி பில்டுக்கும் அதே தலையிடி. அதற்கு இரண்டாவது ஒரு வழி கையில் இருக்கவேண்டும்.

புகை மூட்டம்: எதிரி தொடாமலே வேலை செய்வது

நுளம்புக் காலத்தில் மாட்டுப்பட்டியில் பொச்சுமட்டையும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டுவோம். நுளம்பு மாட்டைக் கடிக்கும்வரை புகை காத்திருப்பதில்லை. எல்லைக்குள் வந்தால் போதும். கேமில் இதற்கு ஓரா என்று பெயர்: கரக்டரைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் தொடர்ந்து வேலை செய்யும் விளைவு. ‘டயாப்ளோ 2’ பலடினிடம் ஹோலி ஃபயர் என்ற ஓரா இருக்கிறது. கிட்ட நிற்கும் எதிரிகளை இடைவெளி விட்டு விட்டுச் சுடும். தோர்ன்ஸும் ஒரு ஓராதான், ஆனால் அது எதிரி அடிக்கும்வரை தூங்கும். ஒரு நேரத்தில் ஒரு ஓராவைத்தான் பலடின் ஏற்றி வைத்திருக்கலாம் என்பதால் முள்ளா நெருப்பா என்று முடிவெடுக்கவேண்டும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பாத் ஒஃப் எக்ஸைல்’ இல் உள்ள ரைட்டியஸ் ஃபயர். பட்டியில் புகை மூட்டியவருக்கும் கண் எரியும் அல்லவா? இது அப்படி. கிட்ட நிற்கும் எதிரிகளையும் எரிக்கும், உங்களையும் எரிக்கும். அதுவும் கொஞ்சமாக அல்ல: உங்கள் முழு உயிரில் 90 வீதம், ஒவ்வொரு நொடியும். ஒன்றும் ஆயத்தம் செய்யாமல் ஏற்றினால் ஒரு நொடி சொச்சத்தில் உயிர் அடிமட்டத்துக்கு வந்துவிடும். முதல் முறை ஏற்றிப் பார்த்த எல்லோருமே, நான் உட்பட, இதைச் சோதித்துத்தான் நம்பினோம்.

அப்படியானால் எப்படி உயிரோடு நிற்கிறார்கள்? இங்கே இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று நெருப்புத் தாங்குதிறன்: வருகிற நெருப்பில் எத்தனை வீதத்தை உடம்பு ஏற்காமல் தள்ளுகிறது என்ற எண். சாதாரணமாக 75 வரை ஏற்றலாம், சில சாமான்களாலும் திறமைகளாலும் அந்த மேல் எல்லையை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். மற்றது ஊறல்: நொடிக்கு எத்தனை உயிர் தானாகத் திரும்பி ஊறுகிறது என்ற எண்.

இரணைமடுவை நினையுங்கள். கனகராயன் ஆற்றால் தண்ணீர் வருகிறது, வாய்க்காலால் வயலுக்குப் போகிறது. வரத்துப் போக்கைவிடக் குறைந்தால் குளம் வற்றும். கூடினால் 36 அடி நிறைந்து வான்கதவைத் திறக்கவேண்டி வரும். உங்கள் சிவப்பு உருண்டைதான் குளம். 5000 உயிர் உள்ள கரக்டர் என்று வைப்போம். தாங்குதிறன் 75 என்றால், 90 வீதத்தில் நான்கில் ஒரு பங்குதான் உடம்பில் ஏறும்: 22.5 வீதம், அதாவது நொடிக்கு 1125. ஊறல் நொடிக்கு 1125க்கு மேல் இருந்தால் நெருப்புக்குள் நிம்மதியாக நடக்கலாம்.

இப்போது தாங்குதிறனை 75இலிருந்து 80க்கு உயர்த்துகிறீர்கள். வெறும் ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே வருகிறது 25 பங்கிலிருந்து 20 பங்காகக் குறைகிறது. 1125 இப்போது 900. வலியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இந்தக் கேம்களில் ஆட்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான் என்பேன். எவ்வளவு தள்ளுகிறோம் என்றுதான் பார்க்கிறார்கள். எவ்வளவு உள்ளே வருகிறது என்று பார்க்கவேண்டும்.

இன்னொரு அழகு: இந்த நெருப்பு எதிரியை எவ்வளவு சுடும் என்பதும் உங்கள் முழு உயிரைப் பொறுத்தது. ஆகவே உயிரைக் கூட்டினால் தாங்கவும் முடிகிறது, சுடவும் முடிகிறது. அடிக்கிற கரக்டர் ‘உயிருக்கா புள்ளி, வாளுக்கா புள்ளி’ என்று ஒவ்வொரு லெவலிலும் தலையைச் சொறிவார். இங்கே இரண்டும் ஒன்று. நல்ல அடிக்காத பில்டின் இரகசியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: உங்களைக் காப்பாற்றுகிற அதே எண்தான் எதிரியையும் கொல்லும்.

இதுவரை வந்தது: முள் எதிரி தொட்டால் வேலை செய்யும். புகை எதிரி கிட்ட வந்தால் வேலை செய்யும். இரண்டிலும் நீங்கள் செய்வது ஒன்றுதான், நிற்கவேண்டிய இடத்தில் உயிரோடு நிற்பது.

நாயும் தகரப் பேணியும்

மிச்சம் இரண்டு வழிகளையும் வேகமாகப் பார்ப்போம், இவை விளங்குவது இலகு.

ஒன்று, கூட்டாளிகள். உங்களுக்காகச் சண்டை போடும் ஆட்களை எழுப்பி வைத்திருப்பது. கேமில் மினியன் என்பார்கள். தோட்டக்காரர் காவல் கொட்டிலில் படுத்திருக்க நாய்கள் பன்றியைத் துரத்துகிற மாதிரி. உங்கள் புள்ளிகளெல்லாம் நாயைக் கொழுக்க வைப்பதில் போகும். தொடக்கக்காரருக்கு இதுதான் பாதுகாப்பான வழி, காரணம் அடி வாங்குவதும் நாய்தான்.

மற்றது ட்ரிகர்: ஒன்று நடந்தால் இன்னொன்று தானாக நடக்கும்படி கட்டி வைப்பது. ‘பாத் ஒஃப் எக்ஸைல்’ இல், குறித்த அளவு வலி வாங்கியதும் ஒரு மந்திரம் தானாகப் பாயும்படி கல் பதிக்கலாம். கச்சான் தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் தகரப் பேணிகளைத் தொங்கவிடுவோமே, பன்றி கயிற்றில் தட்டியதும் கலகலவென்று சத்தம் வரும், அதுபோல. கம்பியில் கால் தட்டினால் நடக்கிற வேறு உவமைகளும் இந்த மண்ணில் உடனே ஞாபகத்துக்கு வரும். அவற்றை விளையாட்டுக்கு எடுக்க எனக்கு மனமில்லை. தகரப் பேணி போதும்.

மூன்றாம் முயற்சி

சரி, இதையெல்லாம் வைத்து ஒரு பில்டை எப்படி வரைவது? நான் மருமகனிடம் கேட்டது மூன்று கேள்வி. கொல்லும் வேலையை எது செய்யப்போகிறது? அதை எது தொடக்கி வைக்கும்? அது வேலை முடிக்கும்வரை நீ எப்படி உயிரோடு இருப்பாய்? அவனுடைய முதல் கரக்டரிடம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் இருந்தது.

இந்த முறை நெக்ரோமான்சர் என்ற மந்திரவாதியை எடுத்தான். எலும்புக்கூடுகளை எழுப்பிச் சண்டைக்கு விடுகிறவன். உடனே ஒரு சிக்கல். எலும்புக்கூட்டை எழுப்ப ஒரு பிணம் வேண்டும். பிணம் வேண்டுமென்றால் யாராவது சாகவேண்டும். சாகடிக்க எலும்புக்கூடு வேண்டும்.

“மாமா, அப்ப முதல் ஆளை நான்தானே அடிக்கவேணும்?”

ஆம். அடிக்காத பில்டுகளில் முக்கால்வாசிக்கு இப்படி ஒரு தொடக்கக் காலம் இருக்கும். பலடினுக்கும் தோர்ன்ஸ், ஹோலி ஃபயர் இரண்டுமே ஆறாம் லெவலில்தான் திறக்கும், அதுவரை வாளைச் சுழற்றத்தான் வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் புதியவர்கள் முதல் லெவலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்று சாகிறார்கள். மருமகன் கையிலிருந்த மந்திரக்கோலால் சொம்பி என்ற நடைபிணம் ஒன்றைத் தட்டித் தட்டி விழுத்தினான். ஒவ்வொரு தட்டையும் வாயால் எண்ணினான். பதினொன்று. அதன் பிணத்திலிருந்து முதல் எலும்புக்கூடு எழும்பியது. அதற்குப் பிறகு கோலை ஓங்கவில்லை.

ஆறாம் லெவலில் களிமண் கோலெம் திறந்தது. மண்ணால் ஆன ஒரு பொம்மை வீரன். இதற்குப் பிணம் தேவையில்லை, மந்திர சக்தி இருந்தால் நினைத்த நேரம் எழுப்பலாம். பன்னிரண்டாம் லெவலில் அயன் மெய்டன். முன்பு வீரர்களை அவர்கள் வாளாலேயே சாகடித்த அதே சாபம், இப்போது நம் கையில்.

இந்தக் கேமின் இரண்டாம் அங்கத்தின் முடிவில் டூரியல் என்ற பெரிய பூதம் நிற்கிறது. சின்ன அறை, ஓட இடமில்லை, சுற்றிவரப் பிணமும் இல்லை. எலும்புக்கூடு மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கு இது பொறி. விழுந்த கூட்டை மறுபடி எழுப்ப வழியில்லை. மருமகனின் கூடுகள் அரை நிமிடத்தில் பொடியாயின. அவன் என்னைப் பார்த்தான். நான் களிமண் பொம்மையைக் காட்டினேன்.

பொம்மையை டூரியலுக்கு முன்னால் எழுப்பினான். டூரியல் மேல் அயன் மெய்டனைப் போட்டான். சுவரோரம் ஒதுங்கினான். டூரியல் பொம்மையை வெட்ட வெட்ட வலி டூரியலுக்கே போனது. களிமண் கோலெம் தன்னோடு மோதுகிறவரின் வேகத்தைக் குறைக்கும். அப்படியானால் மீளடியும் மெதுவாகத்தானே வரும் என்று கேட்கலாம். சரிதான், வரும். ஆனால் வீத மீளடியில் விழுங்கவேண்டிய மொத்த வலி மாறாது என்று பார்த்தோம். அதை விழுங்குவது இப்போது மண்பொம்மை. மெதுவாக நடந்தால் பொம்மை உடையும்போது அடுத்ததை எழுப்ப நேரம் கிடைக்கும். இன்னொரு பூதத்திடம் இதே வேகக்குறைப்பு உபத்திரவமாக இருந்திருக்கும். இங்கே அது உதவி.

பொம்மை உடைந்தது, அடுத்ததை எழுப்பினான். சாபம் காலாவதியாகியது, மறுபடி போட்டான். மந்திர சக்தியைக் கூட்டும் நீலப் போத்தல்களை ஒன்றன் பின் ஒன்றாகக் குடித்தான். சும்மா நிற்கிற பில்ட் என்று தொடங்கியவன் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான், கண் இமைக்கவில்லை. வெளியே அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் களைத்துப்போய் கோப்பையை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

டூரியல் விழுந்தபோது நேரம் பதினொன்றரை. மருமகன் கொப்பியை எடுத்துத் திகதி போட்டு எழுதினான்: ‘என் கையால் அடித்தது: 11. எல்லாம் முதல் சொம்பிக்கு.’